பழைய புல்லட்டுக்குக் கிளட்ச் சாமான் வாங்கும் முன்

நீடாமங்கலம் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். தாத்தா ஓட்டிய 1974 மாடல் புல்லட் 350, பத்துப் பன்னிரண்டு வருடமாக வைக்கோல் கொட்டகையில் கிடந்திருக்கிறது. இஞ்சின் வேலை முடிந்துவிட்டது, கிளட்ச்சில்தான் குழப்பம். மெக்கானிக் "மொத்த செட்டையும் மாத்திடலாம்" என்கிறார். கடையில் மூன்று விதம் காட்டுகிறார்கள்: விலை குறைந்த லோக்கல் செட், கம்பெனி சாமான், அப்புறம் கடினமான ஸ்பிரிங்கோடு வரும் 'ஹெவி டியூட்டி' செட். எதை வாங்குவது? கையோடு கியர்பாக்ஸையே ஐந்து கியராக மாற்றிவிடலாமா?

தம்பி, இன்னும் எதையும் வாங்காதீர்கள். முதலில் ஒரு வெர்னியர் (மில்லிமீட்டரின் சிறு பங்கையும் அளக்கும் கருவி) வாங்குங்கள், இல்லை கும்பகோணத்திலோ மன்னார்குடியிலோ தெரிந்த லேத்துப் பட்டறையில் ஒரு நாள் இரவல் கேளுங்கள். பழைய வண்டியின் கிளட்ச்சில் எது போயிருக்கிறது என்பதை அளந்துதான் சொல்ல முடியும். மெக்கானிக் மொத்தமாக மாற்றச் சொல்வதில் தப்பு இல்லை, அவருக்கு நேரம் மிச்சம். ஆனால் உங்கள் வண்டியில் இருக்கும் டிரம்மும் (பிளேட்டுகள் உட்காரும் வெளிக்கூடு) சென்டர் ஹப்பும் (நடுவில் கியர்பாக்ஸ் மெயின் ஷாஃப்ட்டோடு சுற்றும் பகுதி) அந்தக் காலத்துத் திருவொற்றியூர் ஃபேக்டரி சரக்கு. தேயாமல் இருந்தால் இன்று கடையில் கிடைக்கும் பலவற்றைவிட அதுவே தேவலை. அதைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு லோக்கல் டிரம்மை மாட்டினால் நஷ்டம் உங்களுக்குத்தான்.

கழற்றும் முன்பே ஒரு விஷயம் தெரிந்துகொள்ளுங்கள். கிளட்ச் கோளாறு இரண்டு வகை: ஸ்லிப் அடிப்பது ஒன்று, விடாமல் பிடித்துக்கொள்வது இன்னொன்று. புல்லட்டில் கிக்கர் மிதிக்கும் விசை கிளட்ச் வழியாகத்தான் இஞ்சினுக்குப் போகிறது. அதனால் கிக்கர் வழுக்கிக்கொண்டு கீழே போய், இஞ்சின் சுற்றவில்லை என்றால் ஸ்லிப். முதல் கியர் போடும்போது டமார் என்று சத்தம், வண்டி நின்ற பிறகு நியூட்ரல் விழவில்லை என்றால் பிளேட் பிரியவில்லை. இரண்டுக்கும் மருந்து வேறு. ஸ்லிப் அடிக்கிற வண்டிக்கும் பிளேட் செட், பிடிக்கிற வண்டிக்கும் அதே பிளேட் செட் என்று எழுதிக் கொடுப்பவரிடம் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருங்கள். உங்கள் வண்டி இத்தனை வருடம் சும்மா நின்றதால் பிளேட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். அது தேய்மானமே இல்லை. கிளட்ச் லிவரைப் பிடித்துக்கொண்டு நாலைந்து முறை கிக்கரை மிதித்துப் பிளேட்டைப் பிரித்துவிட்டுத்தான் அந்தக் காலத்து ஆட்கள் காலையில் வண்டியையே எடுப்பார்கள்.

சரி, இப்போது கழற்றுவது. இடது பக்கம் ஃபுட்ரெஸ்ட்டையும் பிரேக் பெடலையும் எடுத்தால், கிளட்ச்சை மூடியிருக்கும் செயின் கேஸ் மூடி, நடுவில் இருக்கும் ஒரே ஒரு நட்டில் நிற்பது தெரியும். அதை எடுத்ததும் உள்ளே கையை விடாதீர்கள். முதலில் போட்டோ எடுங்கள். பிளேட் ஒவ்வொன்றாக வெளியே வரும்போதும் எந்தப் பக்கம் வெளியே பார்த்திருந்தது என்று சாக்பீஸில் குறித்துக்கொண்டே வாருங்கள். சில ஸ்டீல் பிளேட்டுகள் நடுவில் வேண்டுமென்றே லேசாகக் குழித்துச் செய்யப்பட்டவை. அதை நெளிந்த பிளேட் என்று நினைத்துச் சுத்தியலால் தட்டி நேராக்கியவர்கள் உண்டு. வரிசை மாறினாலும் திசை மாறினாலும் புதுச் சாமான் போட்ட பிறகும் கிளட்ச் சரியாக வேலை செய்யாது.

இன்னொன்று, பழைய லைனிங்கில் (பிளேட்டில் பதித்திருக்கும் உராய்வுப் பொருள்) ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்பு உண்டு. டிரம்முக்குள் தேங்கியிருக்கும் தூசியைக் கம்ப்ரசர் காற்றில் ஊதாதீர்கள், வாயாலும் ஊதாதீர்கள். மண்ணெண்ணெயோ டீசலோ நனைத்த துணியால் துடைத்து, துணியைத் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

சென்டர் ஹப் நட்டைக் கழற்ற உளியும் சுத்தியலும் வேண்டாம். ஹப்பைப் பிடித்துக்கொள்ள ஒரு சாதனம் வேண்டும். தேய்ந்துபோன ஸ்டீல் பிளேட் ஒன்றில் ஒரு அடி நீளப் பட்டையை வெல்டிங் வைத்தால் போதும், வேலைக்கு ஆகும். அதற்குப் பிறகு ஹப்பை இழுக்கப் புல்லர். இஞ்சின் ஸ்ப்ராக்கெட் (பல் சக்கரம்), கிளட்ச் ஸ்ப்ராக்கெட், இரண்டையும் இணைக்கும் இரட்டை வரிசை பிரைமரி செயின் மூன்றும் ஒன்றாகத்தான் வெளியே வரும். அவசரப்பட்டு நெம்பினால் மெயின் ஷாஃப்ட்டின் மரையே போய்விடும்.

இனி அளவு. விஷயமே இங்கேதான் இருக்கிறது, கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

கிளட்ச்சை ஓர் அடுக்காகப் பாருங்கள். லைனிங் பிளேட், ஸ்டீல் பிளேட், லைனிங் பிளேட் என்று மாறி மாறி அடுக்கி, மேலே பிரஷர் பிளேட் வைத்து ஸ்பிரிங்கால் அழுத்துகிறோம். புல்லட்டில் ஸ்ப்ராக்கெட்டே லைனிங்கோடு அந்த அடுக்கில் ஒரு ஆளாக நிற்கும். இந்த அடுக்கின் மொத்த உயரம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. லைனிங் உள்ளவை நான்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். லோக்கல் செட்டில் ஒவ்வொன்றும் 0.3 மி.மீ. தடித்திருந்தால் கையில் பிடிக்கும்போது வித்தியாசமே தெரியாது. நான்கும் சேர்ந்தால் 1.2 மி.மீ. ஸ்பிரிங் அவ்வளவு தூரம் கூடுதலாக அமுங்கும், லிவர் கனக்கும், கடைசி பிளேட்டின் பற்கள் டிரம்மின் விளிம்புக்கு வந்து பாதிப் பிடிமானத்தில் நிற்கும். அதே 0.3 மி.மீ. மெலிந்திருந்தால் ஸ்பிரிங் அவ்வளவு தூரம் தளர்ந்து நிற்கும். ரோட்டில் சாதாரணமாகத்தான் ஓடும். பின்னால் ஒரு ஆளை ஏற்றிக்கொண்டு பாலத்தில் ஏறும்போது தெரியும்.

பிரியும்போது என்ன ஆகிறது என்றும் பாருங்கள். லிவரை முழுக்கப் பிடித்தால் பிரஷர் பிளேட் ஒரு 2 மி.மீ. தூக்குகிறது என்று வையுங்கள். அந்த 2 மி.மீ. எட்டு உராய்வு முகங்களுக்கும் பங்கு போக வேண்டும், ஆளுக்குக் கால் மி.மீ.தான் கிடைக்கும். அதில் ஒரு ஸ்டீல் பிளேட் 0.2 மி.மீ. நெளிந்திருந்தால் அதன் பங்கு கிட்டத்தட்ட அங்கேயே தீர்ந்தது. கொட்டகையில் கிடந்த வண்டி நியூட்ரல் விழாமல் அடம்பிடிப்பதற்குப் பாதிக் காரணம் இந்த நெளிவுதான். கேபிளை எவ்வளவு இறுக்கினாலும் தீராது.

அதனால் ஸ்டீல் பிளேட்டுகளை ஒவ்வொன்றாகத் தடித்த கண்ணாடி மேல் வையுங்கள். ஓரம் முழுக்க ஃபீலர் கேஜை (தடிமன் குறித்த மெல்லிய இரும்பு இதழ்கள்) விட்டுப் பாருங்கள். தட்டையாக இருக்க வேண்டிய பிளேட்டில் 0.2 மி.மீ. இதழ் உள்ளே போனால் அந்தப் பிளேட் வேண்டாம். நீலம் பாய்ந்திருந்தால் சூடு கண்ட பிளேட், அதுவும் வேண்டாம். நம் பக்கத்து ஈரத்துக்கு மேல்துரு இல்லாமல் இருக்காது. எமரித் தாளில் தேய்த்துப் போகிற துரு என்றால் பரவாயில்லை, அந்தப் பிளேட்டே போதும். நகத்தால் தடவும்போது குழி தட்டுப்பட்டால் அது புது லைனிங்கை அரம் போல ராவிவிடும். வேதாரண்யம் பக்கம் கடல்நீர் ஏறிய இடங்களில் நின்ற வண்டி என்றால் யோசிக்கவே வேண்டாம், ஸ்டீல் பிளேட்டும் ஸ்பிரிங்கும் மொத்தமாகப் புதுசு. உங்கள் ஊர் உள்ளே தள்ளி இருப்பதால் அந்தப் பிரச்சினை இருக்காது என்று நினைக்கிறேன்.

லைனிங் பிளேட்டை என்னைக் கேட்டால் எப்படியும் மாற்றிவிடுங்கள். பழைய லைனிங் கார்க் கட்டைகளாக இருந்தால், பன்னிரண்டு வருடம் கிடந்த கார்க் காய்ந்து உதிரும். அளவில் சரியாக இருந்தாலும் ஒரு கட்டை கழன்று செயினுக்கு அடியில் போனால் செலவு வேறு மாதிரி ஆகும். கார்க்கா, இப்போது வரும் லைனிங்கா என்று கேட்பார்கள். கார்க் எண்ணெயில் நன்றாகப் பிடிக்கும், கிளட்ச்சை விடும்போது எடுப்பு மிருதுவாக இருக்கும், ஆனால் சூடு தாங்காது. நாற்று நடும் நாளில் வயல் வரப்பில், முதல் கியரில், பாதிக் கிளட்ச்சில் பத்து நிமிடம் நகர்த்துகிறவருக்குக் கார்க் சீக்கிரம் கருகும். ஞாயிற்றுக்கிழமை வலங்கைமான் வரை போய்வர மட்டும் வண்டி என்றால் கார்க் போதும். எனக்கு இப்போது வரும் லைனிங்தான் பிடிக்கும். எதுவானாலும் மாட்டும் முன் ஓர் இரவு முழுக்க, செயின் கேஸில் ஊற்றப் போகும் அதே எண்ணெயில் ஊறவையுங்கள். காய்ந்தபடி மாட்டினால் முதல் நாளே பளபளவென்று மெருகேறிப் பிடிமானம் போய்விடும்.

இங்கேதான் கடைக்காரர் காட்டிய மூன்று செட்டுக்கும் பதில் வருகிறது. ஹெவி டியூட்டி செட் உங்களுக்கு வேண்டவே வேண்டாம். 346 சி.சி., 18 குதிரைசக்தி. அந்த இஞ்சினை அடக்க ஒழுங்கான சாதாரணக் கிளட்ச் தாராளம். கடின ஸ்பிரிங் போட்டால் ஸ்லிப் மறையும், காரணம் மறையாது. லிவர் கனக்கும், கேபிள் அடிக்கடி அறும், புஷ் ராடு (லிவரைப் பிடிக்கும்போது பிரஷர் பிளேட்டைத் தள்ளும் கம்பி) முனை நசுங்கும். தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் போவதற்குள் எத்தனை வேகத்தடை, எத்தனை ஆடுமாடு, அறுவடை நேரத்தில் பாதி ரோட்டை அடைத்துக் காயும் நெல் எத்தனை என்று நினைத்துப் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் அந்தக் கனத்த லிவரைப் பிடிக்கப் போவது உங்கள் இடது கைதான். லோக்கல் செட் எல்லாமே மோசம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரே பாக்கெட்டில் உள்ள பிளேட்டுகளே ஒன்றுக்கொன்று அளவு மாறி வருவதுண்டு. கம்பெனி லைனிங் பிளேட் மட்டும் வாங்குங்கள், கடைக்குப் போகும்போது பழைய பிளேட்டையும் வெர்னியரையும் எடுத்துப் போங்கள். பழைய பிளேட்டின் மேல் புதியதை வைத்துப் பார்த்தால் பல் எண்ணிக்கை, பல்லின் அகலம், உள்வட்டம் மூன்றும் ஒத்துப்போக வேண்டும். "நாலு கியர் புல்லட்" என்று வாயால் மட்டும் கேட்டால் பின்னால் வந்த ஐந்து கியர் மாடலின் பிளேட்டைக் கட்டிக் கொடுத்துவிடுவார்கள். திருச்சியில் கிடைக்காவிட்டால் சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு, புதுப்பேட்டை. புதுப்பேட்டையில் பழைய டிரம், ஹப் போன்றவற்றைப் பார்த்து வாங்கலாம். பழைய ஸ்பிரிங், பழைய லைனிங் மட்டும் யார் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

ஸ்பிரிங்கைக் கண்ணாடி மேல் வரிசையாக நிற்க வையுங்கள், மேலே ஒரு இரும்பு ஸ்கேலை வையுங்கள். ஒன்றாவது குட்டையாக இருந்தால் வெளிச்சம் தெரியும். ஒன்று ஒரு மி.மீ. குறைந்திருந்தாலும் மொத்த செட்டையும் மாற்றுவதே சரி. ஒன்றை மட்டும் மாற்றினால் பிரஷர் பிளேட் ஒரு பக்கம் முன்னே, ஒரு பக்கம் பின்னே தூக்கும்.

டிரம்மில் பிளேட் பற்கள் உட்காரும் காடியை விரலால் தடவிப் பாருங்கள். வருடக்கணக்கில் அடித்து அடித்துப் படி விழுந்திருக்கும். லிவரைப் பிடித்தால் பிளேட் அந்தப் படியில் மாட்டிக்கொண்டு நகராது. லேசான தடம் என்றால் மெல்லிய அரத்தால் எல்லாக் காடியையும் ஒரே அளவுக்கு ராவுங்கள். ஒன்றில் அதிகம், ஒன்றில் குறைவு என்று ராவினால் சுமை முழுவதும் ஒரே பல்லில் விழும். அரை மி.மீ. தாண்டிய பள்ளம் என்றால் அந்த டிரம்முக்கு விடை கொடுங்கள். ஸ்ப்ராக்கெட்டின் பற்கள் கொக்கி போல வளைந்திருந்தால் செயினும் இஞ்சின் ஸ்ப்ராக்கெட்டும் சேர்த்துத்தான் மாற வேண்டும். புதுப் பல்லில் பழைய செயினை ஓடவிட்டால் புதியதும் சீக்கிரம் பழசாகும். ஸ்ப்ராக்கெட்டைக் கையால் ஆட்டிப் பார்த்து பேரிங் ஆட்டத்தையும் கவனியுங்கள்.

புஷ் ராடைப் பற்றி யாரும் கேட்பதில்லை. கியர்பாக்ஸ் மெயின் ஷாஃப்ட்டுக்குள் ஒளிந்திருப்பதால் மறந்துவிடுகிறார்கள். அதன் முனை நசுங்கிக் காளான் மாதிரி விரிந்திருந்தால் ராடு குட்டையாகிவிட்டது என்று அர்த்தம். அட்ஜஸ்ட் செய்துகொண்டே போவீர்கள், ஒரு நாள் அட்ஜஸ்ட்மென்ட்டே தீர்ந்துவிடும். புதுசு கிடைக்காவிட்டால் லேத்துக்காரர் செய்து தருவார். ஆனால் கைக்குக் கிடைத்த சாதாரணக் கம்பியில் செய்யவிடாதீர்கள். சில்வர் ஸ்டீல் கம்பியில், பழைய ராடின் தேயாத நீளத்துக்குக் கடைந்து, முனைகளை மட்டும் செக்கச் சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கிக் கடினமாக்கச் சொல்லுங்கள். துவாக்குடிப் பக்கம் பாய்லர் கம்பெனிக்கு ஜாப் செய்கிற பட்டறைகளில் இதெல்லாம் அன்றாட வேலை. தெரிந்தவர் இருந்தால் அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

கிளட்ச் வெளியே இருக்கும்போதே அதன் பின்னால் கியர்பாக்ஸ் மெயின் ஷாஃப்ட் ஆயில் சீலையும், ஹப் நட்டின் லாக் வாஷரையும், செயின் கேஸ் மூடி ரப்பரையும் மாற்றிவிடுங்கள். மூன்றும் சேர்ந்தாலும் பெரிய காசு இல்லை. சீல் போனால் கியர்பாக்ஸ் கிரீஸ் நேராகப் பிளேட்டுக்கு வரும்.

லிவரில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பழைய லிவர் உடைந்து, பார்க்க அதே மாதிரி இருக்கும் வேறு ஒன்றை யாராவது மாட்டியிருக்கலாம். பிவட் போல்ட்டின் மையத்திலிருந்து கேபிள் நிப்பிள் உட்காரும் துளையின் மையம் வரை அளந்து பாருங்கள். பழைய பிரிட்டிஷ் வகை லிவர்களில் இந்தத் தூரம் 22 மி.மீ. உள்ளதும் உண்டு, 27 மி.மீ. உள்ளதும் உண்டு. 27 இருக்க வேண்டிய இடத்தில் 22 மாட்டினால் கைக்கு இதமாக இருக்கும், கேபிள் இழுபடும் தூரம் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு குறையும். மேலே சொன்ன 2 மி.மீ. கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள். புதுப் பிளேட், புது ஸ்பிரிங், எல்லாம் போட்டும் நியூட்ரல் விழவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்ளும் வண்டிகளில் இதையும் ஒருமுறை அளந்து பார்க்க வேண்டும்.

மாட்டும்போது ஸ்பிரிங் ஸ்க்ரூக்களை உங்கள் வகையில் அடிவரை இறுக்குவதுதான் முறை. பிறகு மூடியைப் போடாமல், லிவரைப் பிடித்துக்கொண்டு கிக்கரைக் கையால் மெதுவாக அழுத்துங்கள். ஸ்ப்ராக்கெட் அசையாமல் நிற்க, பிரஷர் பிளேட் மட்டும் சுற்ற வேண்டும். சுற்றும்போது தள்ளாடினால் ஸ்பிரிங்குகளை இடம் மாற்றிப் போட்டுப் பாருங்கள். பெரும்பாலும் சரியாகிவிடும். அட்ஜஸ்ட்மென்ட்டை எப்போதும் கியர்பாக்ஸ் பக்கத்திலிருந்து தொடங்குங்கள்: கேபிளை முழுக்கத் தளர்த்தி, வலது பக்கச் சின்ன மூடிக்குள் இருக்கும் ஸ்க்ரூவில் புஷ் ராடுக்குக் கொஞ்சம் இடைவெளி வைத்து லாக் நட்டை இறுக்கி, அதன் பிறகு கேபிளில் 2, 3 மி.மீ. ஃப்ரீ பிளே. பிரைமரி செயினுக்கு அது மிக இறுக்கமாக நிற்கும் இடத்தில் கால் அங்குல ஆட்டம் இருக்கட்டும்.

எண்ணெய் விஷயத்தில் சுருக்கம். டப்பாவில் ஜாஸோ எம்.ஏ. (எண்ணெயில் நனையும் கிளட்ச்சுக்கு ஏற்றது என்னும் ஜப்பான் தரக் குறியீடு) என்று போட்டிருக்கும் மோட்டார் சைக்கிள் எண்ணெய்தான் செயின் கேஸுக்கும். வீட்டில் காருக்கு வாங்கியதில் மிச்சம் இருக்கிறது என்று ஊற்றாதீர்கள், அதில் வழுக்கலுக்குச் சேர்க்கும் மருந்து பிளேட்டையும் வழுக்கவைக்கும். ஜாஸோ எம்.பி. என்பது கியர் இல்லாத ஸ்கூட்டருக்கு. சிலர் ஏ.டி.எஃப். (ஆட்டோமேடிக் கியர் கார்களுக்கான எண்ணெய்) ஊற்றுகிறார்கள், பிளேட் நன்றாகப் பிரியும் என்பது உண்மைதான். நெளிந்த பிளேட்டை மறைக்க அதை ஊற்றுவதுதான் தப்பு. அளவுத் துளைக்கு மேல் ஊற்றினால் கிளட்ச்சும் பிரியாமல் இழுக்கும், மூடியும் ஒழுகும்.

அடைமழை நாளில் இரண்டு மூன்று வாரம் வண்டியை எடுக்கப் போவதில்லை என்றால் கிளட்ச் லிவரைக் கைப்பிடியோடு சேர்த்து ஒரு துண்டுக் கயிற்றால் கட்டிவையுங்கள். பிளேட் ஒட்டாது.

ஐந்து கியர் கேள்விக்கு வருகிறேன். செய்கிறவர்கள் இருக்கிறார்கள், முடியாத வேலை இல்லை. ஆனால் கியர் லிவர் எந்தக் காலில், பிரேக் எந்தக் காலில் என்பதிலிருந்து செயின் கேஸ், கிளட்ச், புஷ் ராடு வரை ஒவ்வொன்றாக மாறிக்கொண்டே போகும். கடைசியில் தாத்தா வண்டியில் தாத்தாவுடையதாக டேங்கும் நம்பர் பிளேட்டும்தான் மிஞ்சும். அந்த நாலு கியர் ஆல்பியன் பாக்ஸில் பேரிங்கும் புஷ்ஷும் மாற்றி, நியூட்ரல் ஃபைண்டர் (ஒரே மிதியில் நியூட்ரலுக்குக் கொண்டுவரும் சின்ன லிவர்) வேலை செய்கிறதா என்று பாருங்கள். ஸ்டீல் பிளேட் அளவும் பழைய லைனிங் அளவும் எடுத்துவிட்டு, மொத்த அடுக்கின் உயரத்தோடு எழுதி அனுப்புங்கள். எதை மாற்ற வேண்டும், எதை விட்டுவிடலாம் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.